பழைய மெஷினில் பிஎக்ஸ்இ பூட் ஆகிறது, புதிய யூஇஎஃப்ஐ மெஷினில் நின்றுவிடுகிறது – டபிள்யூடிஎஸ்

லேப்_நிர்வாகி – கேள்வி

வணக்கம். 40 மெஷின் உள்ள ஒரு லேபுக்கு டபிள்யூடிஎஸ் (விண்டோஸ் நிறுவல் சர்வர்) வைத்து, பிஎக்ஸ்இ எனும் நெட்வொர்க் பூட் வழியாக விண்டோஸ் இமேஜ் போட வேண்டும். பழைய பயாஸ் மெஷின்களில் சிக்கலே இல்லை. புதிதாக வந்த, யூஇஎஃப்ஐ (பயாஸுக்கு அடுத்து வந்த ஃபர்ம்வேர் வகை) உள்ள இரண்டு மாடல்களும் ஆளுக்கு ஓர் இடத்தில் நிற்கின்றன.

அமைப்பு இதுதான். விலான் (தனியாகப் பிரித்த நெட்வொர்க் பகுதி) 10-ல் சர்வர்கள்: டிஎச்சிபி (ஐபி வழங்குவது) 10.10.10.5, டபிள்யூடிஎஸ் 10.10.10.8. இரண்டும் தனித்தனி மெஷின், இரண்டிலும் விண்டோஸ் சர்வர் 2019. லேப் இருப்பது விலான் 30-ல். நடுவில் ஒரு லேயர் 3 கோர் ஸ்விட்ச். அதில் விலான் 30-க்கு ஐபி ஹெல்பராக (டிஎச்சிபி கோரிக்கையை வேறு விலானில் உள்ள சர்வருக்குக் கடத்தும் அமைப்பு) 10.10.10.5 மட்டும் இருக்கிறது. டிஎச்சிபி ஸ்கோப்பில் ஆப்ஷன் 66-ல் (பூட் சர்வர் முகவரி) 10.10.10.8, ஆப்ஷன் 67-ல் பயாஸுக்கான டபிள்யூடிஎஸ் பூட் கோப்பின் பாதை. ஆப்ஷன் 60 (பிஎக்ஸ்இ சர்வர் இதுதான் என்று கிளையன்டுக்குச் சொல்வது) வைக்கவில்லை. பூட் இமேஜ் எம்டிடியில் (மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் நிறுவல் கருவி) செய்தது, சுமார் 400 எம்பி.

முதல் மாடல்: ஐபி கிடைக்கிறது, பூட் கோப்பு வெற்றிகரமாக இறங்கியது என்றும் திரையில் வருகிறது. அடுத்த நொடி பூட் மெனுவுக்குத் திரும்பிவிடுகிறது. எந்த எரர் எண்ணும் இல்லை.

இரண்டாவது மாடல்: ஐபிவி4-ல் பிஎக்ஸ்இ தொடங்குகிறது என்ற வரி வந்து அப்படியே நிற்கும், பிறகு பிஎக்ஸ்இ-இ16 (டிஎச்சிபி பதில் எதுவும் வரவில்லை என்ற எரர்). மெனுவிலிருந்து உடனே மறுபடி முயன்றால் சில சமயம் தாண்டிப் போகிறது.

ஆப்ஷன் 67-ஐ யூஇஎஃப்ஐ கோப்புக்கு மாற்றினால் முதல் மாடல் பூட் ஆகிறது, ஆனால் பழைய மெஷின்கள் நின்றுவிடுகின்றன. அப்படிப் பூட் ஆன மெஷினிலும் பூட் இமேஜ் இறங்கக் கால் மணி நேரம் ஆகிறது. அதன் பின் வின்பிஇ (நிறுவலுக்கான சிறு விண்டோஸ்) வந்து, டெப்ளாய்மென்ட் ஷேரை (நிறுவல் கோப்புகள் இருக்கும் பகிர்வு ஃபோல்டர்) அடைய முடியவில்லை என்கிறது.

செக்யூர் பூட்டை அணைத்துப் பார்த்தும் மாற்றம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

---

பாக்கெட்பித்தன் – பதில்

ஒரே சிக்கல் மாதிரி தெரிஞ்சாலும் இது நாலு தனித்தனி சிக்கல். ஒண்ணை முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தினா எது சரியாச்சுன்னே தெரியாம போயிடும்.

முதல் மாடலோட அறிகுறி ரொம்பத் தெளிவு. கோப்பு இறங்கியாச்சுன்னா டிஎச்சிபி, ரூட்டிங், டிஎஃப்டிபி (பூட் கோப்பை இறக்குற முறை) மூணும் வேலை செய்யுதுன்னு அர்த்தம். இறங்கின கோப்புதான் தப்பு. யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் எதிர்பார்க்கிறது இஎஃப்ஐ வகை கோப்பு. நீங்க கொடுக்கிறது 16-பிட் பயாஸ் நிரல். ஃபர்ம்வேர் அதைப் பார்த்து "இது என்னோடது இல்லை"ன்னு எரர் எதுவும் காட்டாம அடுத்த பூட் சாதனத்துக்குப் போயிடும். செக்யூர் பூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, திரும்ப ஆன் பண்ணிடுங்க.

ஆப்ஷன் 67-ல எந்தக் கோப்பை எழுதினாலும் ஒரு கூட்டம் வெளியே நிக்கும். டிஎச்சிபி ஸ்கோப்புல எழுதின மதிப்பு யார் கேட்டாலும் அதேதான் போகும். ஆனா கிளையன்ட் தான் யாருன்னு ஏற்கனவே சொல்லிட்டுத்தான் கேட்குது: டிஸ்கவர் (ஐபி கேட்டு கிளையன்ட் அனுப்புற) பாக்கெட்ல ஆப்ஷன் 93 பாருங்க. 0-ன்னா பயாஸ், 7-ன்னா 64-பிட் யூஇஎஃப்ஐ, 6-ன்னா 32-பிட் யூஇஎஃப்ஐ. சில ஃபர்ம்வேர் 64-பிட்டுக்கு 9 அனுப்பும். டபிள்யூடிஎஸ் இதைப் படிச்சு சரியான கோப்பைத் தானே கொடுக்கும். அதுக்கு அந்த டிஸ்கவர் டபிள்யூடிஎஸ் காதுக்கு எட்டணும். உங்க ஹெல்பர்ல அது இல்லை. அதான் விஷயம்.

செய்ய வேண்டியது:

1. கோர் ஸ்விட்ச்ல விலான் 30 இன்டர்ஃபேஸ்ல இரண்டாவது ஹெல்பரா 10.10.10.8 சேருங்க. 10.10.10.5 அப்படியே இருக்கட்டும்.

2. ஸ்கோப்புல 66, 67 ரெண்டையும் எடுத்துடுங்க. சர்வர் ஆப்ஷன்ஸ்லயும் ஒரு பார்வை பாருங்க. ஸ்கோப்புல எடுத்தாலும் அங்க இருந்தா தொடர்ந்து போகும்.

3. ஆப்ஷன் 60 வைக்காதது சரிதான், வைக்கவும் வேண்டாம். டிஎச்சிபியும் டபிள்யூடிஎஸ்ஸும் ஒரே மெஷின்ல இருந்தா மட்டும்தான் அது தேவை. தனி மெஷின்ல வெச்சா, கிளையன்ட் டிஎச்சிபி சர்வரையே பூட் சர்வர்னு நம்பி அதோட 4011 போர்ட்டைத் தட்டும், பதில் வராம பிஎக்ஸ்இ-இ55-ல நிக்கும்.

4. டபிள்யூடிஎஸ் ஃபயர்வாலிலும், விலான் 10-க்கும் 30-க்கும் நடுவுல ஏசிஎல் (எதை அனுமதிக்கணும்ங்கிற பட்டியல்) இருந்தா அதிலும் யூடிபி 67, 69, 4011 திறந்திருக்கணும். 69-ஐ மட்டும் திறந்தா போதாது. டிஎஃப்டிபியில முதல் கோரிக்கை மட்டும்தான் 69-க்குப் போகும், சர்வர் பதில் சொல்றது வேற ஒரு போர்ட்ல இருந்து. டபிள்யூடிஎஸ் ப்ராப்பர்டீஸ்ல நெட்வொர்க் டேப்ல போர்ட் வரம்பை 64001–65000-ன்னு குறிச்சுட்டு, அதையே ஏசிஎல்ல அனுமதிங்க.

5. ஸ்விட்ச்ல டிஎச்சிபி ஸ்னூப்பிங் ஆன்ல இருந்தா, டபிள்யூடிஎஸ் சர்வர் இருக்கிற போர்ட்டும் டிரஸ்ட் ஆகியிருக்கணும். டிஎச்சிபி சர்வர் போர்ட்டை மட்டும் டிரஸ்ட் பண்ணிட்டு விட்டா, டபிள்யூடிஎஸ் அனுப்புற ஆஃபரை ஸ்விட்ச் கள்ள டிஎச்சிபின்னு நினைச்சுக் கீழே போட்டுடும்.

சரியா வந்துச்சான்னு பார்க்க, கிளையன்ட் போர்ட்டை மிரர் பண்ணி ஒயர்ஷார்க்ல (பாக்கெட்டைப் பார்க்கிற மென்பொருள்) பிடிங்க. ஒரு டிஸ்கவருக்கு ரெண்டு ஆஃபர் வரணும். ஒண்ணு 10.10.10.5 கிட்ட இருந்து, கிளையன்டுக்கான ஐபியோட. இன்னொண்ணு 10.10.10.8 கிட்ட இருந்து: அதுல கிளையன்ட் ஐபி 0.0.0.0-ன்னு இருக்கும், ஆப்ஷன் 60-ல பிஎக்ஸ்இகிளையன்ட்னு இருக்கும். இந்த ரெண்டாவதைப் பார்த்து "ஐபியே இல்லாத ஆஃபர், ஏதோ தப்பு"ன்னு நினைச்சுடாதீங்க. ப்ராக்ஸி டிஎச்சிபி (ஐபி கொடுக்காம பூட் தகவல் மட்டும் கொடுக்கிறது) அப்படித்தான் பேசும். அதுக்கப்புறம் கிளையன்ட் 4011-க்கு ஒரு கோரிக்கை அனுப்பும், பதில்ல கோப்பு பெயர் வரும். இந்த ரெண்டாவது ஆஃபரே வரலைன்னா ஹெல்பர் இல்லாட்டி ஸ்னூப்பிங். ஆஃபர் வந்து 4011-க்குப் பதில் இல்லைன்னா ஃபயர்வால்.

கேப்ச்சர் எடுக்கும்போது யூடிபி 69-ன்னு ஃபில்டர் போட்டா முதல் பாக்கெட் மட்டும்தான் தெரியும். கிளையன்டோட மேக் முகவரியை வெச்சு ஃபில்டர் போடுங்க.

---

மூன்றாம்_அடுக்கு – பதில்

மேலே சொன்னது சரியான வழி. கோர் ஸ்விட்ச் உங்கள் கையில் இல்லை, ஹெல்பர் சேர்க்கவே முடியாது என்ற நிலை இருந்தால் மட்டும் மாற்று வழி ஒன்று உண்டு: டிஎச்சிபி பாலிசி. விண்டோஸ் சர்வர் 2012 முதல் இந்த வசதி இருக்கிறது.

ஐபிவி4 மேல் வலது கிளிக் செய்து வெண்டர் கிளாஸ்கள் உருவாக்குங்கள். மதிப்பு: பிஎக்ஸ்இகிளையன்ட், அதை ஒட்டி ஆர்ச், அதை ஒட்டி ஐந்து இலக்க எண்; இடையில் முக்காற்புள்ளி, எல்லாம் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். பயாஸுக்கு 00000, யூஇஎஃப்ஐக்கு 00007, தேவைப்பட்டால் 00009. பிறகு ஸ்கோப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாலிசி வைத்து, அதற்குள் 66, 67 மதிப்புகளைக் கொடுங்கள். பாலிசி நிபந்தனையில் வைல்டுகார்டு பெட்டியைக் கட்டாயம் டிக் செய்ய வேண்டும். கிளையன்ட் அனுப்பும் சரம் ஆர்ச் எண்ணோடு முடிவதில்லை, அதன் பின்னால் யூஎன்டிஐ (நெட்வொர்க் கார்டு இடைமுகம்) பதிப்பும் ஒட்டியிருக்கும். வைல்டுகார்டு இல்லாவிட்டால் பாலிசி எதற்குமே பொருந்தாது. பாலிசி வைத்தும் ஒன்றும் மாறவில்லை என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஹெல்பர் வைக்க முடிந்தால் அதையே வையுங்கள். பாலிசி என்பது இரண்டு இடத்தில் பராமரிக்க வேண்டிய பட்டியல். புதிய வகை மெஷின் வரும்போதெல்லாம் யாராவது நினைவு வைத்துச் சேர்க்க வேண்டும்.

---

லேப்_நிர்வாகி – பதில்

ஹெல்பர் சேர்த்து, 66, 67 இரண்டையும் எடுத்துவிட்டேன். முதல் மாடலும் பழைய மெஷின்களும் இப்போது ஒன்றாகவே பூட் ஆகின்றன. கேப்ச்சரில் இரண்டு ஆஃபரும் தெரிகின்றன. இருவருக்கும் மிக்க நன்றி.

இரண்டாவது மாடலில் பிஎக்ஸ்இ-இ16 இன்னும் வருகிறது. ஒன்று கவனித்தேன்: மெஷினுக்கும் சுவர் சாக்கெட்டுக்கும் நடுவே ஒரு சாதாரண 5-போர்ட் ஸ்விட்ச் வைத்தால் எல்லாத் தடவையும் பூட் ஆகிறது. அதை எடுத்தால் பழையபடிதான்.

---

மூன்றாம்_அடுக்கு – பதில்

அந்தச் சின்ன ஸ்விட்ச் விஷயத்தைச் சொன்னது நல்லதாயிற்று, பாதித் தேடல் மிச்சம். இது ஸ்பேனிங் ட்ரீ (நெட்வொர்க்கில் லூப் வராமல் ஸ்விட்ச்கள் பார்த்துக்கொள்ளும் முறை).

லிங்க் மேலே வந்ததும் ஸ்விட்ச் போர்ட் உடனே பாக்கெட்டுகளைக் கடத்துவதில்லை. இயல்பு அமைப்பில் லிசனிங் 15 நொடி, லேர்னிங் 15 நொடி, ஆக மொத்தம் 30 நொடி போர்ட் ஊமையாக இருக்கும். மெஷினில் விளக்கு எரியும், ஆனால் டிஸ்கவர் ஒன்றுகூட ஸ்விட்சைத் தாண்டாது. பழைய பிஎக்ஸ்இ ரோம்கள் 4, 8, 16, 32 நொடி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடி மறுபடி கேட்கும். அதனால் 30 நொடி போனாலும் கடைசி முயற்சிக்குள் போர்ட் திறந்துவிடும். சில யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை, அதற்கு முன்பே கைவிட்டுவிடும். உடனே மறுமுயற்சி செய்தால் வேலை செய்வது ஏன் என்றால், லிங்க் கீழே போகாமல் இருந்த தடவைகளில் போர்ட் ஏற்கனவே திறந்திருக்கிறது. சின்ன ஸ்விட்ச் வைத்தால் சுவர்ப்பக்க லிங்க் எப்போதும் மேலேயே இருக்கிறது, மெஷின் பக்கத்தில் ஸ்பேனிங் ட்ரீயே கிடையாது.

தீர்வு: லேப் மெஷின்கள் மாட்டியிருக்கும் ஆக்சஸ் போர்ட்களில் போர்ட்ஃபாஸ்ட் (காத்திருக்காமல் போர்ட்டை உடனே திறப்பது) போடுங்கள். சில நிறுவன ஸ்விட்ச்களில் இதற்கு எட்ஜ் போர்ட் என்று பெயர். கூடவே பிபிடியூ கார்டும் போடுங்கள். யாராவது அந்தப் போர்ட்டில் தவறுதலாக ஸ்விட்சை மாட்டி லூப் உண்டாக்கினால் போர்ட் தானே மூடிக்கொள்ளும். அப்லிங்க் (ஸ்விட்ச்களை ஒன்றோடொன்று இணைக்கும்) போர்ட்களில் போர்ட்ஃபாஸ்ட் கூடாது. நாங்கள் ரேபிட் ஸ்பேனிங் ட்ரீ வைத்திருக்கிறோமே என்று விட்டுவிடாதீர்கள். எட்ஜ் என்று குறிக்காத போர்ட்டில் எதிர்முனை ஸ்விட்சாக இல்லாதபோது ரேபிடும் அதே நேரத்தைத்தான் எடுக்கும்.

போட்ட பிறகும் எப்போதாவது இ16 எட்டிப் பார்த்தால், அந்த ஆக்சஸ் போர்ட்டில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்டை அணைத்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வின்பிஇ தன் டிரைவரை ஏற்றும்போது நெட்வொர்க் கார்டு ஒருமுறை ரீசெட் ஆகும், லிங்க் கீழே போய் மேலே வரும். அப்போதும் அதே 30 நொடி. உங்கள் டெப்ளாய்மென்ட் ஷேர் சிக்கலில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம்.

---

விம்_கோப்பு – பதில்

ஷேர் சிக்கலுக்கு வருவோம். வின்பிஇயில் எஃப்8 அழுத்திக் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் கொடுங்கள். மூன்றில் ஒன்று தெரியும், அதை வைத்தே முடிவு செய்யலாம்.

அடாப்டர் பெயரே வரவில்லை என்றால் டிரைவர் இல்லை. ஃபர்ம்வேர் தன் சொந்த டிரைவரில்தான் இவ்வளவு தூரம் வந்தது, வின்பிஇக்கு அது கைமாறாது. 169.254-ல் தொடங்கும் ஐபி வந்தால் டிரைவர் இருக்கிறது, டிஎச்சிபிதான் கிடைக்கவில்லை: மேலே சொன்ன ஸ்பேனிங் ட்ரீ, அல்லது போர்ட்டில் 802.1எக்ஸ் (அடையாளம் சரிபார்த்த பிறகே போர்ட்டைத் திறக்கும் முறை). சரியான 10.10.30 ஐபி வந்தும் ஷேர் திறக்கவில்லை என்றால் ஷேரைப் பெயரால் இல்லாமல் ஐபியால் திறந்து பாருங்கள். ஐபியில் திறந்தால் சிக்கல் டிஎன்எஸ்ஸில். அதிலும் திறக்கவில்லை என்றால் டிசிபி 445 (ஃபைல் ஷேர் போர்ட்), பிறகு பூட்ஸ்ட்ராப் அமைப்பில் இருக்கும் கணக்கும் கடவுச்சொல்லும்.

புதிய மாடல் என்பதால் முதல் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இமேஜை மாற்றுவதற்கு முன் டிரைவர் சரியானதா என்று சோதித்துவிடுங்கள். தயாரிப்பாளரின் டிரைவர் தொகுப்பை விரித்து, ஐஎன்எஃப் கோப்பு இருக்கும் ஃபோல்டரை யூஎஸ்பியில் போட்டு, வின்பிஇக்குள் டிஆர்விலோட் கட்டளையில் அந்த ஐஎன்எஃப் பாதையைக் கொடுங்கள். பிறகு டபிள்யூபிஇயூட்டில் கட்டளையில் இனிஷியலைஸ்நெட்வொர்க் கொடுத்து, மறுபடி ஐபிகான்ஃபிக். ஐபி வந்தால் அந்த டிரைவர்தான். இமேஜ் கட்டி, சர்வரில் ஏற்றி, மறுபடி பூட் செய்து பார்க்கும் முழுச் சுற்று இதில் மிச்சமாகிறது.

சரியான டிரைவர் தெரிந்ததும் எம்டிடியில் அவுட் ஆஃப் பாக்ஸ் டிரைவர்ஸுக்குள் வின்பிஇக்கு என்று ஒரு தனி ஃபோல்டர் வைத்து அதில் சேருங்கள். செலக்ஷன் ப்ரொஃபைலும் அதற்கு மட்டும். நெட்வொர்க், ஸ்டோரேஜ் இரண்டு வகை மட்டும் போதும். ஒலி, திரை, புளூடூத் எல்லாம் பூட் இமேஜுக்குள் போனால் அளவு ஊதுமே தவிரப் பயன் கிடையாது. டிரைவர் பொருந்த வேண்டியது வின்பிஇயின் பதிப்புக்கு, நீங்கள் நிறுவப்போகும் விண்டோஸுக்கு அல்ல.

அதன் பிறகு டெப்ளாய்மென்ட் ஷேரை அப்டேட் செய்து, பூட் இமேஜை முழுதாக மறு உருவாக்கம் செய்யச் சொல்லுங்கள். அது எம்டிடியின் பூட் ஃபோல்டரில் உள்ள விம் (இமேஜ்) கோப்பைத்தான் மாற்றும். டபிள்யூடிஎஸ் தன்னிடம் உள்ள பழைய பிரதியையே கொடுத்துக்கொண்டிருக்கும். டபிள்யூடிஎஸ் கன்சோலில் அந்தப் பூட் இமேஜை ரீப்ளேஸ் செய்தால்தான் புதியது போகும். டிரைவர் சேர்த்தும் மாறவில்லை என்றால் முதலில் இங்கே கோப்பின் தேதியைப் பாருங்கள்.

எம்டிடி இல்லாமல் செய்வோருக்கு: டிஸ்ம் கட்டளையில் விம்மை இன்டெக்ஸ் எண் கொடுத்து மவுன்ட் செய்து, ஆட்-டிரைவர் ரிகர்ஸ் உடன் கொடுத்து, கமிட் உடன் அன்மவுன்ட். விண்டோஸ் நிறுவல் டிஸ்கில் உள்ள பூட் விம்மை அப்படியே டபிள்யூடிஎஸ்ஸில் ஏற்றி விண்டோஸ் 11 போடும் பழைய முறையை மைக்ரோசாஃப்ட் தடுத்துவிட்டது. எம்டிடி போன்றவற்றில் செய்த பூட் இமேஜுக்கு அந்தத் தடை இல்லை.

டிஸ்க்பார்ட்டில் லிஸ்ட் டிஸ்க் கொடுத்தும் பார்த்துவிடுங்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல மெஷின்களில் விஎம்டி (இன்டெலின் ஸ்டோரேஜ் நிர்வாக அமைப்பு) ஆன் ஆகியிருக்கும், அதற்கான ஸ்டோரேஜ் டிரைவர் இல்லாமல் வின்பிஇக்கு டிஸ்க்கே தெரியாது. பயாஸில் விஎம்டியை அணைத்துவிட்டுப் போடுவதை விட டிரைவரைச் சேர்ப்பதே மேல். பின்னாளில் யாராவது பயாஸை இயல்புநிலைக்கு மாற்றினால், நிறுவிய விண்டோஸ் தன் டிஸ்க்கைக் காணாமல் நீலத்திரையில் நிற்கும்.

---

பாக்கெட்பித்தன் – பதில்

கால் மணி நேர இறக்கம் பத்தி யாரும் சொல்லலை, அதையும் முடிச்சிடலாம்.

டிஎஃப்டிபி ஒரு பிளாக் அனுப்பும், கிளையன்ட் "வந்துச்சு"ன்னு சொல்ற வரை காத்திருக்கும், அப்புறம்தான் அடுத்தது. அடிப்படை பிளாக் 512 பைட். 400 எம்பிக்கு 8,19,200 பிளாக். போக வர ஒரு மில்லி நொடின்னு வெச்சா, காத்திருப்பு மட்டுமே 819 நொடி, பதிமூன்றரை நிமிஷத்துக்கு மேல. உங்க கால் மணி நேரம் அதுதான். கேபிளும் சர்வரும் எவ்வளவு வேகமா இருந்தாலும் இது குறையாது.

டபிள்யூடிஎஸ் ப்ராப்பர்டீஸ்ல டிஎஃப்டிபி டேப்ல மேக்சிமம் பிளாக் சைஸ் 1456 வைங்க. அது ஒண்ணே 2,88,000 பிளாக் அளவுக்குக் குறைக்கும், அஞ்சு நிமிஷத்துக்குள்ள வந்துடும். பக்கத்துல இருக்கிற வேரியபிள் விண்டோ எக்ஸ்டென்ஷனையும் டிக் பண்ணுங்க. ஒவ்வொரு பிளாக்குக்கும் காத்திருக்காம பல பிளாக் சேர்த்து அனுப்பிட்டு ஒரே பதிலுக்குக் காத்திருக்கும். விண்டோ 8-ஆ இருந்தா 36,000 காத்திருப்புதான், அரை நிமிஷம் சொச்சம். மாத்தின பிறகு சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணணும்.

பிளாக் சைஸை 16384-ன்னு வைக்கச் சொல்லிப் பல இடத்துல எழுதியிருப்பாங்க. வைக்காதீங்க. 1500 பைட் எம்டியூவுல (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) அது 12 துண்டா உடையும். ஒரு துண்டு தொலைஞ்சா 12-ம் திரும்ப வரணும். நடுவுல துண்டுகளைத் தடுக்கிற ஃபயர்வால் இருந்தா இறக்கம் 0 சதவீதத்துலயே நின்னுடும். சில ஃபர்ம்வேருக்குத் துண்டுகளைச் சேர்க்கவே சரியா வராது. அதே எம்டியூவுல 1456 உடையாது.

---

லேப்_நிர்வாகி – பதில்

போர்ட்ஃபாஸ்ட் போட்டதும் இ16 நின்றது. இரண்டு மாடலிலும் ஐபிகான்ஃபிக்கில் அடாப்டரே வரவில்லை. டிஆர்விலோட் கொடுத்ததும் ஐபி வந்தது. புதிய பூட் இமேஜ் ஏற்றியாயிற்று, டிஎஃப்டிபி டேபில் சொன்ன இரண்டையும் மாற்றிவிட்டேன், பூட் இமேஜ் ஒரு நிமிடத்துக்குள் இறங்குகிறது.

கடைசியாக ஒன்று: 40 மெஷினுக்கும் ஒரே நேரத்தில் போட மல்டிகாஸ்ட் (ஒருமுறை அனுப்புவதை எல்லா மெஷினும் சேர்ந்து பெறுவது) வைக்கலாமா? இமேஜ் 12 ஜிபி.

---

மூன்றாம்_அடுக்கு – பதில்

முதலில் கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 40 மெஷினுக்கு 12 ஜிபி என்றால் 480 ஜிபி. சர்வரில் 1 ஜிபிபிஎஸ் கார்டு என்றால் நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி போகும். மொத்தம் சுமார் 73 நிமிடம். யூனிகாஸ்டிலேயே (ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாக அனுப்புவது) பத்துப் பத்தாகத் தொடங்கினால் ஒரு காலைப்பொழுதில் லேப் முடிந்துவிடும். சர்வருக்கு 10 ஜிபிபிஎஸ் கார்டு இருந்தால் இன்னும் குறையும், அப்போது டிஸ்க் வேகம்தான் எல்லை. ஒரு லேபுக்காக மல்டிகாஸ்ட் அமைக்கும் உழைப்பு இந்த நேரத்தை விட அதிகம்.

அப்படியும் வேண்டுமென்றால், உங்கள் சர்வர் விலான் 10-ல், மெஷின்கள் விலான் 30-ல். மல்டிகாஸ்ட் தானாக விலான் தாண்டாது. கோர் ஸ்விட்ச்சில் மல்டிகாஸ்ட் ரூட்டிங்கும் இரண்டு விலான் இன்டர்ஃபேஸிலும் பிஐஎம்மும் (மல்டிகாஸ்டுக்கான ரூட்டிங் நெறிமுறை) வேண்டும். ஆக்சஸ் ஸ்விட்ச்களில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (கேட்ட போர்ட்டுக்கு மட்டும் மல்டிகாஸ்டை அனுப்பும் வசதி) வேண்டும், இல்லாவிட்டால் அந்த விலானின் எல்லாப் போர்ட்டிலும் பாக்கெட் கொட்டும். வயர்லெஸ் ஆக்சஸ் பாயின்ட் ஒன்று அதே விலானில் இருந்தால் அது திணறிவிடும்.

ஸ்னூப்பிங் வைத்தால் விலானுக்கு ஒரு குவெரியர் (யாருக்கு இன்னும் தேவை என்று அவ்வப்போது கேட்பது) கட்டாயம். பிஐஎம் போட்ட இன்டர்ஃபேஸ் அந்த வேலையைத் தானே செய்யும். பிஐஎம் இல்லாமல் ஒரே விலானுக்குள் செய்பவர்கள்தான் இதில் மாட்டுவார்கள்: எல்லா மெஷினும் நன்றாகத் தொடங்கும், நான்கு நிமிடம் சொச்சத்தில் அத்தனையும் ஒரே நேரத்தில் நிற்கும். குழு உறுப்பினர் காலாவதி இயல்பாக 260 நொடி. யாரும் மறுபடி கேட்காததால் ஸ்விட்ச் அனைவரையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது.

மல்டிகாஸ்டில் வேகத்தைத் தீர்மானிப்பது இருப்பதிலேயே மெதுவான மெஷின். 100 எம்பிபிஎஸ்ஸில் இணைந்த ஒரே ஒரு மெஷின் போதும், மற்ற 39-ம் அதன் வேகத்துக்கு இறங்கும். டபிள்யூடிஎஸ் ப்ராப்பர்டீஸில் மல்டிகாஸ்ட் டேபில், வேக வாரியாகத் தனி செஷன்களாகப் பிரிக்கும் தேர்வும், குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் துண்டிக்கும் தேர்வும் உண்டு. அதற்கும் முன்னால், ஸ்விட்ச்சில் எந்தெந்தப் போர்ட் 100-ல் இணைந்திருக்கிறது என்று பார்த்து அந்தக் கேபிள்களை மாற்றிவிடுங்கள். யூனிகாஸ்டில் போட்டாலும் அந்த மெஷின்கள்தான் கடைசி வரை ஓடிக்கொண்டிருக்கும்.